பூவரசம் பீப்பியும் தெர்மாகோல் துலிப்பும்

சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மண்டையைப் பிளக்கிற வெயிலுக்கு ‘இளம்’ என்று எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். அங்கன்வாடியில் 34 வருஷம் வேலை பார்த்தபோதுதான் விளங்கியது. மரத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. மாசியில் மொட்டையாக நின்ற புங்கமரம் பங்குனியில் தளதளவென்று தளிர் விடும். கொஞ்ச நாளில் அடியில் பொரி கொட்டினாற்போல் பூ கிடக்கும். வேம்பு பூக்கும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். குளத்தில் தண்ணீர் இறங்கி, கரையோரக் களிமண் கைக்கு எட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கைவேலை கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

இப்போது இதை எழுதக் காரணம் என் பேத்தி. சென்னையில் எல்.கே.ஜி. படிக்கிறாள். நான் போயிருந்த சமயம் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. ‘ஸ்பிரிங் சீசன் கிராஃப்ட்’ செய்து அனுப்ப வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு படம்: சிவப்புத் துலிப் பூ, பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, வண்ணம் பூசிய முட்டை. இரவு பத்தரை மணிக்கு என் மகள் கூடத்தில் உட்கார்ந்து தெர்மாகோலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஃபெவிகால் வாங்கப் போயிருக்கிறார்.

“ஏண்டி, பிள்ளை எங்கே?”

“தூங்கிட்டாம்மா. நாளைக்குக் காலையில கொடுக்கணும்.”

“இதுல அவ எதைச் செஞ்சா?”

“பேரு எழுதுவா. அதுவும் நான்தான் கையைப் பிடிச்சு எழுத வைக்கணும்.”

மகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸிலிருந்து வந்து சமைத்து முடித்துவிட்டு உட்கார்ந்தவள் அவள். அந்தத் தெருமுனைக் கடையில் இதையெல்லாம் செய்தே விற்கிறார்கள். அதை வாங்காமல் தானே செய்ய உட்கார்ந்தாளே, அதுவே பெரிசு. ஆனால் கைவேலை என்றால் யாருடைய கை என்று ஒரு கேள்வி இருக்கிறது அல்லவா?

துலிப்பிலும் ஆட்டுக்குட்டியிலும் தப்பில்லை. அந்த ஊர்களில் மாதக்கணக்காகப் பனி மூடிக் கிடந்த தரையில் முதல் பூ தலை நீட்டுவது பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். ஆடுகள் குட்டி போடுவதும் அப்போதுதான், முட்டைக்கு வண்ணம் பூசும் ஈஸ்டர் வருவதும் அப்போதுதான். கண்ணால் பார்த்ததை அந்தப் பிள்ளைகள் கையால் செய்கிறார்கள். ஜெர்மனியில் ஃபிரோபெல் என்பவர் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். காகிதம் மடிப்பது, பின்னுவது, களிமண் பிசைவது எல்லாம் அவர் வைத்த பாடங்கள். செடி வளர்க்கப் பிள்ளைகளுக்குப் பாத்தியும் பிரித்துக் கொடுத்தார். நம்மிடம் அந்தப் படம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. என் பேத்தி துலிப்பையும் பார்த்ததில்லை, பனியையும் பார்த்ததில்லை. அவள் பள்ளி வாசலில் நிற்கிற புங்கமரத்தடியைத் தினமும் கூட்டி அள்ளிக் குப்பைவண்டியில் போடுகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1985-ல், கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு திண்ணை, வாசலில் ஒரு பூவரசு. கலர் பேப்பர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆகவே மரம்தான் எங்களுக்குக் கடை.

மூன்று வயதுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். கிழிப்பதுதான் வேலை. பழைய காலண்டர் தாளையும் காய்ந்த சருகையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக் கிழிக்கச் சொல்வேன். பிற்பாடு பென்சில் பிடிக்கப் போவதும் இந்த விரல்கள்தானே. ஆயாம்மா சோறு வடித்த கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சித் தருவார். அதைத் தாளில் விரலால் தடவி, புங்கம்பூவையோ வேப்பம்பூவையோ மேலே தூவிவிட்டுத் தாளைத் தூக்கி உதறினால் ஒட்டினது நிற்கும். ஒவ்வொரு பிள்ளையின் தாளும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பூவரசம்பூவில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் மஞ்சளாக ஒட்டிய பூ, வாடும்போது சிவந்துபோகும். மறுநாள் வந்து, “டீச்சர், யாரோ என் பூவை மாத்திட்டாங்க” என்று அழுத பையன்கள் உண்டு.

நாலு வயதானால் ஈர்க்குச்சியால் இலை தைக்கலாம். வீட்டில் தையல் இலை பார்த்திருக்கிற பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் புளி குத்துகிற சமயம் என்பதால் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. தரையில் சாக்கட்டியால் பெரிய ‘அ’ போட்டு, அதன்மேல் கொட்டையை வரிசையாக அடுக்கச் சொல்வேன். எழுத்தும் வந்தது, எண்ணிக்கையும் வந்தது.

களிமண்தான் எல்லாருக்கும் பிடித்தது. ஒரு வருஷம் பங்குனியில் செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தியை அம்மா கொண்டுவந்து விட்டாள். விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். தையில் வந்து ஆனியில் ஊருக்குத் திரும்புகிறவர்கள். பிள்ளைக்கு நாலு வயது. முழுசாக இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பேர் சொல்லாது, பாட்டுக்குக் கை தட்டாது, சோறு மட்டும் சாப்பிடும். காது கேட்கவில்லையோ என்றுகூட ஆயாம்மா சொன்னார்.

களிமண் கொண்டுவந்து போட்ட அன்று மற்ற பிள்ளைகள் சட்டி, பானை, பாம்பு என்று உருட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்துவந்தாள். உள்பெட்டியை உருவி, அதில் வாசல் மணலைக் கொஞ்சம் தூவி ஒரு தட்டுத் தட்டினாள். மண்ணை அழுத்தி, விரலால் வழித்து, கவிழ்த்தாள். அழகான ஒரு சின்னச் செங்கல்! அப்புறம் இன்னொன்று. ஒரே நேர்கோட்டில், இடைவெளி விட்டு. பக்கத்தில் இருந்த பையன் தானும் ஒரு பெட்டி எடுத்து அழுத்தினான். மண் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவள் அவன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினாள்.

“மணலு தூவணும்டா.”

அதுதான் நான் கேட்ட அவளுடைய முதல் பேச்சு. அன்றைக்குப் பூரா பத்துப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். நான் ஓரமாக உட்கார்ந்து காலித் தீப்பெட்டி தேடிக் கொடுத்தேன்.

அந்தச் செங்கல்கள் திண்ணையில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு அம்மா பார்வையிட வந்தார். சுவரில் சார்ட் எங்கே, இது என்ன குப்பை என்று கேட்டார். இது பிள்ளைகள் செய்த வேலை என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் நான் இரண்டு சார்ட் வரைந்து மாட்டினேன். செங்கல் அடுக்கை எடுக்கவில்லை. ஆனி வரைக்கும் இருந்தது. சூளை நின்று அந்தக் குடும்பம் ஊருக்குப் போனது. அதற்கப்புறம் ஆடிக் காற்றோடு வந்த மழையில் கரைந்தது.

பேரன் பேத்தி லீவுக்கு வரப்போகிறார்கள் என்று உங்களில் பலர் காத்திருப்பீர்கள். செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு மூன்று எச்சரிக்கை. அரளிப்பூ பார்க்க அழகு, ஆனால் விஷம். பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். குன்றிமணியும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. புளியங்கொட்டையை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும் வயசு இது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பனையோலைக் காற்றாடிக்குக் கருவேல முள்ளை நீங்களே குத்திக் கொடுங்கள், ஓடுவது அவர்கள் வேலை. நுங்கு வந்துவிட்டால் கூந்தலை எறியாமல் இரண்டு எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு, வண்டி தயார். கோணலாகத்தான் ஓடும். சரி செய்கிறேன் என்று வாங்கிவிடாதீர்கள்.

பூவரசம் பீப்பி உங்களுக்கு மறந்திருக்காது. ரொம்பத் தளிரும் வேண்டாம், முற்றலும் வேண்டாம். நடுவாந்தர இலையாகப் பார்த்துச் சுருட்டி, ஒரு நுனியை மட்டும் பல்லால் லேசாக நசுக்கி ஊத வேண்டும். முதல் நாலு இலையில் வெறும் காற்றுதான் வரும். ஐந்தாவதில் சத்தம் வந்துவிட்டால் அப்புறம் நிறுத்த மாட்டார்கள். மத்தியானத் தூக்கம் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பீப்பியை வாங்கி ஒளித்து வைத்துவிடுங்கள்.