ஆறு பேரில் ஒருவர்

‘இனிப்பு நீர்’ என்பது ஒரு நோயின் பெயர் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. எங்கள் வீட்டில் அது ஓர் உறவினரைப் போலவே இருந்துவந்தது. பாட்டிக்கு இருந்தது. பெரியப்பாவுக்கு இருந்தது. அப்பாவுக்கு முப்பத்தெட்டாம் வயதில் வந்து சேர்ந்தது. “நம்ம ரத்தத்துலயே ஓடுதுப்பா, என்ன செய்யறது?” என்பார் பாட்டி. அந்தப் பேச்சில் வருத்தத்தைவிட ஆறுதலே அதிகம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ரத்தத்தில் ஓடுவதை யாரால் நிறுத்த முடியும்? ஆகவே யாரும் எதையும் நிறுத்தவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். புதுக் காலணி கடித்ததால் வந்த சிறு புண். கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததால் எங்களிடம் சொல்லவும் இல்லை. அம்மா கவனித்தபோது விரல் கறுத்துப்போயிருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றிரவு அம்மா அவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்திருந்தார். அப்பா வழக்கம்போல இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் ஆறு பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.

அடுத்த மூன்று மாதத்தில் எங்கள் வளாகத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை நடந்தது. நண்பன் தனியாகப் போகத் தயங்கியதால் நானும் துணைக்குப் போனேன். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையின் அளவு 6.3 மில்லிமோல் என்று வந்தது. சிங்கப்பூரில் 6.1 முதல் 6.9 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. “உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?” என்று தாதி கேட்டார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். பிறகு பலதுறை மருந்தகத்தில் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். முடிவு மாறவில்லை.

எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. தேசிய சேவையை முடித்து அதிக நாளாகவில்லை. உயரத்துக்கேற்ற எடை; உடல் எடைக் குறியீடு 22. “இந்த ஒல்லிப் பயலுக்கா?” என்று அம்மா நம்பவே மறுத்தார். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. அந்தச் சந்தேகம்தான் என்னை ஆய்வுக் கட்டுரைகளின் பக்கம் இழுத்துச் சென்றது.

முதலில் கையில் கிடைத்தது 2004ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறு குறிப்பு. புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் தங்கள் படத்தையே அதில் வெளியிட்டிருந்தார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி; உள்ளே கொழுப்பு. தசை குறைவாகவும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும் இவ்வுடலமைப்பு நம்மவரிடம் அதிகம். ஆசியர்களுக்குக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியதற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம். சிங்கப்பூரும் 2005 முதல் அந்த அளவுகோலைப் பின்பற்றுகிறது. என் 22 எனக்குக் காப்பு அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

நம் நாட்டுக் கணக்கு வேறு பயமுறுத்தியது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு உடையவர்கள் சீனரில் 9.7 விழுக்காடு, மலாய்க்காரரில் 16.6 விழுக்காடு, இந்தியரில் 17.2 விழுக்காடு. 2017 தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங், அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னார். பத்தில் ஆறு! பாட்டி சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியது.

படித்ததை எல்லாம் தலையில் சுமந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். கையில் ஒரு கட்டுரையின் நகல் இருந்தது. 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, சென்னை மருத்துவர் மோகன் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. தெற்காசியாவில் நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் அபாயம் 61 விழுக்காடு அதிகமாக இருந்தது. சீனாவில் அத்தகைய தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அதை நான் படித்துக்காட்டவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் உரக்கப் படித்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் போட்ட சோறுதான் உங்கப்பா வெரலை எடுத்துச்சுன்னு சொல்றியா?”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதுதான். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டிதான் மெதுவாகப் பேசினார். ஜொகூர் தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்தில் தாம் சிறு குழந்தையாக இருந்ததையும், அரிசியைக் கண்ணால் பார்க்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்ததையும் தம் தாயார் சொல்லக் கேட்டபடி சொன்னார். “வெள்ளைச் சோறு போடற வீட்டுலதான் வாழ்க்கைப்படணும்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க” என்றார். எங்கள் குடும்பத்தில் தட்டு நிறைந்த வெள்ளைச் சோறு வெறும் உணவு அல்ல. அது பட்டினியைத் தாண்டி வந்ததற்கான சான்று. அதைத்தான் நான் ஒரு தாளை வைத்துக்கொண்டு குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தேன்.

அன்றிரவு மறுபடியும் படிக்க உட்கார்ந்தேன். இம்முறை யார் குற்றவாளி என்று தேடவில்லை. என்ன செய்யலாம் என்று தேடினேன். அப்போதுதான் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு கிடைத்தது. மருத்துவர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்டது. என்னைப் போலவே நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் கிடைத்தது. வாழ்க்கைமுறை மாற்றப் பிரிவினரிடம் சொன்னவை எளியவை: தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடப்பது, சர்க்கரையைத் தவிர்ப்பது, தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைப்பது, நார்ச்சத்துள்ள உணவைச் சேர்ப்பது. மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. மாற்றிக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. ஒல்லியான எனக்கு அந்த ஒரு வரி பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

அமெரிக்காவில் 2002இல் வெளியான இதுபோன்ற ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவை 58 விழுக்காடு குறைத்தது. சென்னையில் குறைந்தது 28.5 விழுக்காடுதான். நம்மவருக்கு இந்தப் போராட்டம் கொஞ்சம் கடினமானதுதான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மாற்றிக்கொண்டவர்களிலும் 39 பேருக்கு வந்ததே! ஆனால் ரத்தத்தில் எழுதிவைத்தது அப்படியே நடக்கும் என்றால், அந்த 55, 39 ஆகக் குறைந்திருக்கவே கூடாது. அதே ரத்தம், அதே ஊர், அதே மூன்று ஆண்டு. மாறியது தட்டும் நடையும் மட்டுமே.

ஆய்வாளர்கள் இதை இன்னொரு விதமாகவும் கணக்கிட்டிருந்தார்கள். ஏறத்தாழ ஆறு பேர் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் அந்த மூன்று ஆண்டில் ஒருவர் நீரிழிவிலிருந்து தப்பிக்கிறார். அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தப்பித்தவருக்கே தெரியாது.

மறுநாள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இதைச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமலேயே கேட்டார்: “அந்த ஒருத்தர் யாருன்னு தெரியாதுல்ல?”

“தெரியாதும்மா.”

“அப்ப ஆறு பேரும்தான் மாறணும். நம்ம வீட்டுலயும் ஆறு பேருதான்.”

ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் முந்தைய நிலையில் இருந்தவர்கள், எங்கள் ஆறு பேருக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். புள்ளியியலில் அம்மா சொன்னது பிழை. வாழ்க்கையில் அதுதான் சரி. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் எத்தனை நாள் நடக்கும்?

சோற்றை நாங்கள் ஒழிக்கவில்லை. முதலில் எல்லாரையும்போல் இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று தொடங்கினோம். அப்பா ஐந்து சாப்பிட்டார். மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழுக்கோதுமையையோ சிறுதானிய மாவையோ மாற்றிக்கொள்வதால் பெரிய பலன் தெரியவில்லை என்று 2025இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு சொல்கிறது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதில் சிறு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரத உணவுக்கு மாற்றினால் அபாயம் குறைகிறது என்பதே அதன் முக்கியச் செய்தி. வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கியிருப்பது நினைவுக்கு வந்தது.

உண்ணும் வரிசையையும் மாற்றினோம். நியூயார்க்கில் நீரிழிவு உள்ள 11 பேரிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரே உணவுதான். காய்கறியையும் கோழியையும் முதலில் உண்டு, ரொட்டியைக் கடைசியில் உண்டபோது, ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 37 விழுக்காடு குறைவாக இருந்தது. சமையலை மாற்றவே வேண்டாம் என்பதால் அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. இப்போது எங்கள் வீட்டில் முதலில் கீரை, பொரியல், மீன். பிறகு குழம்போடு ஒரு கரண்டி சோறு. அம்மா பரிமாறும் கரண்டி சிறியதாகிவிட்டது. மீன் குழம்பின் ருசி மட்டும் குறையவில்லை.

சாப்பிட்ட பிறகு அப்பாவும் நானும் புளோக்கைச் சுற்றி நடக்கிறோம். அவருக்குத் தனியாகச் செய்த காலணி இருக்கிறது. வேகமாக நடக்க முடியாது. கீழே கோப்பிக் கடையைக் கடக்கும்போது முன்பெல்லாம் ‘தே தாரிக்’ கேட்டவர் இப்போது ‘தே ஓ கோசோங்’ என்கிறார். வீட்டுக்கு வந்ததும் அவர் பாதத்தை நான் பார்க்கிறேன். முதலில் கூச்சப்பட்டார். இப்போது அவரே காலை நீட்டுகிறார்.

என் சோதனை முடிவு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஆண்டு கழித்து 5.9. அதற்கடுத்த முறை 6.1. வென்றுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. நாளை எனக்கும் வரலாம். சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில் ஆறு ஆண்டுகள் உணவையும் உடற்பயிற்சியையும் சீர்படுத்திக்கொண்டவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு நீரிழிவு வருவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் 26 விழுக்காடு குறைந்திருந்தன. நான்கு ஆண்டு என்றால் குறைவுதானே என்று தோன்றலாம். என் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

நண்பர்களே, நம் பேரவை நிகழ்ச்சிகள் முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தோடும் பன்டோங் குவளையோடும் வட்டமாக உட்கார்கிறோம். ஒரு வட்டத்தில் பெரும்பாலும் ஐந்தாறு பேர் இருப்போம். பிரியாணியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சோற்றுத் தட்டைக் குற்றம் சாட்டி நான் பட்டது போதும். குவளையில் தண்ணீர் இருக்கட்டும். பொட்டலத்தில் காய்கறியும் இருக்கட்டும். குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், ஒல்லியாக இருந்தாலும் சரி.

உங்கள் வட்டத்தில் அந்த ஒருவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது. எங்கள் அம்மா சொன்னதுபோல, ஆறு பேரும்தான் மாறவேண்டும்.