ஏடு ஒன்று, மதிப்பெண் தனித்தனி

சுவீடனில் பொறியியல் முதுகலை ஆய்வேட்டை இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது சகஜம். கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஜோடியாகத்தான் செய்கிறார்கள். 30 கிரெடிட் ஆய்வேடு என்றால் ஆளுக்கு 20 வார முழுநேர உழைப்பு. இருவர் என்பதால் வேலை பாதியாகாது. இருவருக்கான வேலை அதில் தெரிய வேண்டும். மதிப்பெண்ணும் அவரவருக்குத் தனி. யார் எதைச் செய்தார் என்று தேர்வாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். இரவெல்லாம் கண்விழித்து நிரல் எழுதிய பிள்ளை பேசாமல் நிற்கும். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை பெயரை வாங்கிக்கொள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

ஜோடி சேரும் தம்பி தங்கைகளே, முதல் வாரமே உட்கார்ந்து பேசிவிடுங்கள். யாருக்குப் பகுதிநேர வேலை இருக்கிறது, யார் எப்போது ஊருக்குப் போகிறார், ஒருவர் நடுவில் விலகினால் தரவு யாரிடம் இருக்கும், எல்லாவற்றையும். வாராவாரம் செய்ததைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அதற்காக அத்தியாயங்களைப் பாகப்பிரிவினை செய்துகொள்ள வேண்டாம்; எந்தப் பக்கத்தைப் பற்றியும் இருவரில் யாரிடமும் கேள்வி வரலாம். மனஸ்தாபம் வந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் சொன்னால் அவரால் எதையும் மாற்ற முடியாது.