ஒரு விரற்கடைத் தளர்வு

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்திய மாலைப்பொழுதில், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை நோக்கிச் செல்லும் பேருந்துகளும், ஊருக்குப் புறப்பட்ட குடும்பங்களைச் சுமந்த கார்களும் ஜி.எஸ்.டி. சாலையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரையில் ஊர்ந்துகொண்டிருந்த வேளையில், உயிரியல் பூங்காவின் வாசலுக்குச் சற்று முன்னால், என் பழைய மாருதி 800 காரின் கிளட்ச் பெடல் திடீரென்று பாரமற்றுப்போய்த் தரையோடு படிந்துவிட்டது. முதல் கியரில் இருந்த வண்டி ஒரு குதி குதித்து அணைந்து நின்றது. உள்ளே கேபிள் அறுந்திருந்தது.

பெயர் கேட்பதற்குள் போய்விட்ட இரண்டு இளைஞர்கள் தள்ளிக் கொடுக்க, வண்டியை ஓரங்கட்டி, நெரிசல் தணிந்த பிறகு கேளம்பாக்கம் சாலையிலுள்ள ஒரு சிறிய பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தோம். பட்டறைக்காரர் அறுபதைக் கடந்த பெரியவர். 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்து, 1980-களின் இறுதியில் ஓய்ந்துபோன ஸ்டாண்டர்டு கம்பெனியில் தம் இளமையில் வேலை பழகியவர். வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் மோட்டார்த் தொழில் தெரிந்த அந்தத் தலைமுறையில் பலருக்கு அதுவே பாடசாலை.

அவர் டேஷ்போர்டின் அடியில் மல்லாந்து படுத்து, பெடலின் தலையிலுள்ள கொக்கியிலிருந்து கேபிளைக் கழற்றி, அறுந்த முனையை என் உள்ளங்கையில் வைத்தார். எஃகு இழைகள் துடைப்பக் குச்சிகள்போல் விரிந்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை துருவேறிக் கறுத்திருக்க, நான்கைந்து மட்டுமே வெள்ளி போலப் பளபளத்தன.

“பாருங்க சார், வெள்ளையா இருக்கே, அதுங்கதான் இன்னிக்கு அறுந்தது. மத்ததெல்லாம் மாசக்கணக்கா ஒண்ணொண்ணா போயிருக்கு. பெடல் கனமா இருந்திருக்குமே?”

கனமாகத்தான் இருந்தது. ஒரே நாளில் அத்தனை பாரம் ஏறியிருந்தால் அன்றே நான் பட்டறையைத் தேடியிருப்பேன். நாளுக்கு ஓர் அணுவளவாக ஏறிய பாரத்தை என் கால் அன்றாடம் ஏற்றுக்கொண்டு, அதுவே இயல்பு என்று என்னையும் நம்பச் செய்துவிட்டது. தீபாவளிச் சமயத்தில் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம் வரை போய்வந்த என் மனைவி, “ஏங்க, கிளட்ச் என்ன இவ்வளவு கெட்டியா இருக்கு?” என்று கேட்டாள். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றேன். பழகாத கால் உணர்ந்ததைப் பழகிய கால் உணரவில்லை.

இந்தக் கேபிளின் சூட்சுமம் என்னை வெகுநாளாகக் கவர்ந்த ஒன்று. முறுக்கிய எஃகுக் கம்பி உள்ளே; வளையுமேயன்றி நீளத்தில் அமுங்காத சுருள் உறை வெளியே. உறையின் இரு முனைகளும் அசையாமல் நிற்க, கம்பி மட்டும் இழுபடுவதனால், நேர்வழியில்லாத இடுக்குகளிலும் காலின் பலத்தை வளைத்து எடுத்துச் சென்று கியர்ப்பெட்டியின் பக்கத்திலுள்ள நெம்புகோலில் ஒப்படைக்க முடிகிறது. எர்னஸ்ட் போடன் என்பவர் 1896-ஆம் வருஷத்தில் காப்புரிமைக்குக் கொண்டுவந்த உபாயம் இது; சைக்கிள் பிரேக்கிலிருந்து ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டர் வரையில் இன்றும் இதே முறைதான். “ஹெரால்டுல எண்ணெய் கிளட்ச் சார். அது ஒழுகும், இது அறுந்துபோகும்” என்றார் பெரியவர்.

புதிய கேபிளைக் கூர்மையான மடிப்பு எங்கும் விழாமல் பழைய வழியிலேயே கோத்து, கொக்கிகளுக்குக் கிரீஸ் தடவி மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் அவர் சாவதானமானார். நெம்புகோல் முனையிலுள்ள நட்டை அரைச் சுற்றுத் திருகுவார். உள்ளே வந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்ப்பார். மறுபடியும் போய்க் கால் சுற்றுத் தளர்த்துவார். பெடலின் ஆரம்ப அசைவில் ஒரு விரற்கடை தூரம், அதாவது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர், எதிர்ப்பே இல்லாமல் சும்மா போகவேண்டும். அந்தச் சும்மா போகும் தூரத்திற்குத்தான் பட்டறைகளில் பிளே என்று பெயர்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, பெடலைத் தொட்டவுடன் கிளட்ச் விலகவேண்டும் என்ற ஆசையினால், அந்தப் பிளேயை வீண் என்று கருதி நானே நட்டை முழுவதும் இறுக்கியவன். சில மாதங்களில் கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் இரைய, வண்டி ஏறாமல், கருகிய வாடை எழுந்தது. பிளேட், பேரிங் யாவும் மாற்ற நேர்ந்தது. அதன் காரணம் இந்தப் பட்டறையில்தான் தெளிவாக விளங்கிற்று. கேபிள் நீண்டால் பிளே கூடுகிறது. ஆனால் கிளட்ச் பிளேட் தேயத் தேயப் பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகர, அதன் வில்லின் உள்விரல்கள் எதிர்த்திசையில் வெளிப்பட்டு ரிலீஸ் பேரிங்கை நெருங்குவதால், பிளே குறைகிறது. தேய்மானத்துக்கு இடம் கொடுப்பதற்கென்றே அந்தத் தளர்வு விடப்படுகிறது. அது இல்லாத வண்டியில், கால் பெடலைத் தொடாத வேளையிலும் யாரோ அதை மெல்ல மிதித்துக்கொண்டே இருப்பதாகப் பொருள். பெருங்களத்தூர் நெரிசலில் பெடலைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்ச்சிலேயே நகர்த்தும் பழக்கம் செய்வதும் அதே சேதந்தான்.

பெடலை இருபது முறை மிதித்துக் கேபிளைப் படியச் செய்து, மீண்டும் அளந்தார். எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார். கிளட்ச் முழுமையாக விலகாவிட்டால் அந்தக் கியர்தான் முதலில் கறகறக்கும். சத்தமின்றி விழுந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை கொண்டாங்க சார், புதுக் கேபிள் கொஞ்சம் நீளும்” என்றார்.

கேபிள் வைத்த கார் உடையவர்கள் இன்று மாலையே, எஞ்சினை அணைத்தபின், பெடலைக் காலால் அன்று, கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு விரற்கடை சும்மா போகிறதா, பிறகு பாரம் சீராக ஏறுகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் வேறொருவர் அந்த வண்டியை ஓட்டுவாராயின், அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.