யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லுங்கோ

"நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை, இந்த மென்பொருளைத்தான் சோதிக்கிறோம்." யூசபிலிட்டி ஸ்டடிக்குப் போகிற எவருக்கும் முதலில் சொல்லப்படும் வசனம் இது. ரொறன்ரோ நகர மையத்தில், ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் சிறிய அறைக்குள் என்னை இருத்திய பிள்ளையும் இதைத்தான் சொன்னாள். என் மகளின் வயதுதான் இருக்கும். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

எப்படி நம்புவது? இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கேள்வி கேட்கிறவர். அகதி வழக்கு விசாரணைக்கு முன்னால் என் வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: திகதிகளில் தடுமாறாதே, தடுமாறினால் பொய் என்று நினைப்பார்கள். பிறகு ஒன்ராறியோ சாரதி அனுமதியின் முதற்படியான ஜி1 எழுத்துப் பரீட்சை, 40 கேள்விகள். குடியுரிமைப் பரீட்சைக்கு 20 கேள்விகள், அதில் 15 சரிவரவேண்டும். தயங்காமல் பதில் சொல்வதே பிழைக்கும் வழி என்று படித்து வந்தவனை, "தடுமாறுங்கள், அதைத்தான் பார்க்க விரும்புகிறோம்" என்று ஓர் அறைக்குள் கூப்பிடுகிறார்கள்.

உண்மையிலேயே அங்கே தயக்கத்துக்குத்தான் விலை. விரல் ஒரு பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றால், கண்ணாடிக்கு மறுபுறம் இருக்கிறவர் அதைக் குறித்துக்கொள்கிறார். என்ன பொருளைப் பார்த்தேன் என்று வெளியே சொல்லமாட்டேன் எனக் கையெழுத்து வைத்திருக்கிறேன், ஆகவே அதை விடுவோம். போகும்போது பரிசு அட்டை ஒன்று தந்தார்கள். அதைச் சொல்லத் தடையில்லை.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யவேண்டும், அதுதான் விதி. உளவியலில் ஏற்கெனவே இருந்த இந்த முறையை 1982இல் ஐபிஎம்மில் வேலை செய்த கிளேட்டன் லூயிஸ் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார். மனதில் ஓடுவது வாய்க்கு அப்படியே வரும் என்பது அதன் நம்பிக்கை. எனக்கு உள்ளே ஓடியது, "எங்கை போட்டுது இந்தச் சனியன்" என்று. வெளியே வந்தது, "ஓகே... ஐ சீ... வெரி நைஸ்." விசாரணை மண்டபத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளராவது நான் சொன்னதைத்தான் சொன்னார்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. யேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் போட்டது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார், ஐந்து பேரை இருத்தினால் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிவந்துவிடும். ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000இல் எழுதியது இன்றுவரை நிறுவனங்களுக்கு மந்திரமாக இருக்கிறது, செலவும் குறைவல்லவா. கணக்கில் பிழை சொல்ல நான் யார்? ஆனால் தடுமாறுகிறவர் தடுமாற்றத்தை வெளியே காட்டுவார் என்று அது எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஆட்களிடம் அது பலிக்காது.

அந்தத் திரையில் பெயர் கேட்கும் இடம் வந்தது. முதற்பெயர் ஒரு பெட்டி, குடும்பப்பெயர் ஒரு பெட்டி, இரண்டும் கட்டாயம். எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. என் பெயர் இருக்கிறது, அதற்கு முன்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. வந்த புதிதில் இந்தப் பெட்டிக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போதோ அப்பாவின் பெயரைக் கடைசிப் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். வைத்தியரின் கிளினிக்கிலும் வங்கியிலும் செத்துப்போன அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழும்பிப் போகிறேன். அன்றும் ஒரு நொடிகூட விரல் நிற்கவில்லை. பிள்ளை எதையும் குறிக்கவில்லை. குறிக்க என்ன இருந்தது? பார்க்கிறவருக்கு அது வெற்றிகரமாக முடிந்த ஒரு வேலை.

2010இல் பாட்ரிக் மெக்கென்சி என்ற அமெரிக்கர், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பிக்கொண்டிருக்கும் 40 பொய்களைப் பட்டியலிட்டார். அவர் அப்போது யப்பானில் வாழ்ந்துகொண்டிருந்தார். தன் ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் பட்டியல் அவ்வளவு நீண்டிருக்காது என்பது என் எண்ணம்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜோன் கார்லினும் வந்தேறிதான். 1918இல் ஜோகன்னஸ்பேர்க்கில் பிறந்து, 1945இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1963இல் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்தபோது, 1 2 3 மேல்வரிசையில் இருந்ததற்கு அவருடைய குழுவின் சோதனைகளே காரணம். தொலைபேசி வயர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அறிய அவர் செய்த வேலை இதைவிடச் சுவையானது. அப்போது வயர் மூன்றடி. சக ஊழியர்களின் அறைகளுக்குள் மூன்று நாளைக்கொரு தரம் களவாகப் புகுந்து, ஒவ்வொரு தரமும் ஓர் அங்குலம் குறைத்தார்கள். ஓரடி குறையும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆகவே குட்டையான வயரே போதும் என்று முடிவானது. இதைச் சாமர்த்தியக் கதையாகத்தான் சொல்வார்கள். நான் வாசித்தபோது வயர்க்காரரின் பக்கம் நிற்க முடியவில்லை. ஒவ்வோர் அங்குலமாகக் கிட்டக் குனிந்து பேசப் பழகிய அந்த ஊழியர்களைத்தான் எனக்குத் தெரியும்.

முதியவர்களும் வேண்டுமென்று கேட்டபோது என் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியவர், ஊரில் தபாலதிபராக இருந்தவர், ஆங்கிலம் நன்றாக வரும். கடைசியில் பத்து வசனங்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஜோன் புரூக் 1986இல் உருவாக்கியது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. "இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்" என்று ஒரு வசனம் புகழும், "இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்று அடுத்தது குறை சொல்லும், மாறி மாறி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை. மாமா மேலிருந்து கீழ்வரை ஐந்துக்கு நேரே கோடு கீறினாற்போலப் போட்டுவிட்டு வந்தார், முழு மார்க்ஸ் கொடுத்த திருப்தியோடு. அந்தத் தாளின் கணக்குப்படி அதற்குக் கிடைப்பது 100க்கு 50. பொதுவான சராசரி 68.

மும்பையைச் சேர்ந்த அபலா லாகிரி சவான் இந்தச் சிக்கலை எப்போதோ பிடித்துவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்கு நேரே இந்தியர்கள் குறை சொல்லமாட்டார்கள் என்று கண்டு, சோதனையை ஹிந்திப் படமாக்கினார். உங்கள் மருமகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்கிறவன் என்று இப்போதுதான் தெரிகிறது, அவனுக்கு ஏற்கெனவே மனைவி வேறு இருக்கிறாள், அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் தடுக்கவேண்டும், உடனே விமான டிக்கெட் போடுங்கள்! அதற்குப் பிறகு ஒரு பொத்தான் பிந்தினாலும் சனம் வாயைத் திறந்து திட்டியதாம்.

எங்களுக்கு அப்படியொரு கதை தேவைப்படவில்லை, கார் போதுமாக இருந்தது. 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் மாமா தொடங்கினார். எழுத்து எறும்பு மாதிரி. எங்கை அமத்துறதெண்டு தெரியேல்லை. திரும்பிப் போனால் எழுதினதெல்லாம் அழிஞ்சு போச்சு. "அது கிடக்கட்டும் தம்பி, அறுபது வருசம் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவங்கள். இவன் ஏன் என்ரை அப்புவைத் தேடுறான்?" ஸ்காபரோ வந்தும் அவர் ஓயவில்லை.

"இதையெல்லாம் அங்கையே சொல்லியிருக்கலாமே, மாமா?"

"விசரே உனக்கு? அந்தப் பிள்ளை தேத்தண்ணியும் தந்து, கார்ட்டும் தந்து, லிஃப்ட் மட்டும் கூட வந்து விட்டது. அதுக்குப் பிறகு குறை சொல்லுறதே?"