அடிப்பிடித்த சோற்றுக்கு முதல் மரியாதை!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெஸ்ட்வுட் பகுதியில், கடைப் பலகைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே பாரசீக எழுத்துகளும் இருக்கும். 1979 ஈரான் புரட்சியை ஒட்டி ஏராளமான ஈரானியர்கள் இந்த நகரில் குடியேறினார்கள். அதனால் இதற்கு ‘தெஹ்ரான்ஜெலஸ்’ என்றே செல்லப்பெயர் உண்டு.

அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு விருந்து. மாடி வீட்டுக் கல்லூரி மாணவன்தான் விருந்தாளி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெந்தயக்கீரை வாசம் வரவேற்றது.

அடுப்பில் மதியத்திலிருந்தே ‘கோர்மே சப்ஸி’ கொதித்துக்கொண்டிருந்தது. பார்ஸ்லி, கொத்தமல்லி, வெந்தயக்கீரையைப் பொடியாக நறுக்கி, கரும்பச்சையாகும்வரை வதக்கி, ஆட்டுக்கறி, ராஜ்மாவோடு வேகவைக்கும் குழம்பு இது. புளிப்புக்குக் காய்ந்த முழு எலுமிச்சை.

அரிசியைப் பாட்டி அரைவேக்காட்டில் வடித்து, எண்ணெய் ஊற்றிய பானையில் தம் போட்டிருந்தார். ஆவி நீராகிச் சொட்டாமலிருக்க மூடியில் துணி சுற்றியிருந்தது. அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் மொறுமொறு சோறுதான் ‘தாதிக்’. பானையின் அடி என்று அர்த்தம். விருந்தில் எல்லாருக்கும் கண் அதன் மேல்தான்.

பேத்திக்குப் பாரசீகம் பேச வரும். எழுதப் படிக்க வராது. பாட்டியின் சமையலோ எந்த நோட்டிலும் இல்லை, அவர் கையில்தான் இருக்கிறது. அன்று முதல்முறையாகப் பானையைப் பேத்தியிடம் கொடுத்தார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் கவிழ்த்தாள். பாதி வந்தது, பாதி பானையிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் முகம் வாடிவிட்டது.

“இந்த ஊருக்கு வந்த புதுசுல, மின்சார அடுப்புல என் தாதிக் கரியாத்தான் வந்தது” என்றார் பாட்டி. “ஆறு மாசத்துல ஊருக்குத் திரும்பிடுவோம், இந்த அடுப்பைப் பழகி என்ன செய்யறதுன்னு அப்படியே விட்டுட்டேன். நாலு வருஷம் ஆச்சு, திரும்ப முடியலை. அப்புறம்தான் பழகினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அரிசி ஊறவைக்கிறதும் நீதான்.”

ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டி, முதல் துண்டை விருந்தாளிக்கு நீட்டினார். “ஐயோ, போதும்” என்றான் மாணவன். யாரும் விடவில்லை. விருந்தாளி மறுப்பதும், வீட்டார் வற்புறுத்துவதும் ‘தாரோஃப்’ எனும் ஈரானிய மரியாதை. மூன்றாவது முறை வாங்கிக்கொண்டான்.

“நூஷே ஜான்” என்றார் பாட்டி. சாப்பிட்டது உயிருக்கு இதமாகட்டும் என்ற வாழ்த்து.

அடுத்த துண்டைப் பேத்தி எடுத்து வந்தாள். இந்த முறை தாரோஃப் எதுவுமில்லை. அவனே தட்டை நீட்டிவிட்டான்.