பருவம் பார்த்துப் பை எடுங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையின் நிறமே மாறிவிடும். தை, மாசியில் மொச்சையும் அவரையும் பச்சைப் பட்டாணியும் குவிந்து கிடந்த இடத்தில் வெள்ளரிப்பிஞ்சும் மாவடுவும் சுரைக்காயும் பீர்க்கங்காயும் வந்து உட்காரும். முருங்கைக்காய் கட்டுக்கட்டாக இறங்கும். தெருவோரம் தர்பூசணி ஏறும், கொஞ்ச நாளில் நுங்குக் குலைகளும் வந்து சேரும். கோடை வந்துவிட்டது என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இளம் பெற்றோர்களே, வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்று கைபேசியைத் தொட்டால் சில நிமிடங்களில் காய்கறி வாசலுக்கு வருகிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, கைக்குழந்தையும் நடக்கமுடியாத பெரியவர்களும் உள்ள வீட்டுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் எதுவும் எந்த நாளும் கிடைக்கும் என்ற எண்ணம் மனசில் ஊறிப்போனால், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நாள் உண்டு என்பது மறந்துபோகும். அது மறந்தவர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. படிப்பிலும் வேலையிலும் உறவிலும் காயாகப் பறித்துவிட்டு, புளிக்கிறதே என்று வருந்துவார்கள். ஒரு வாழ்நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: காத்திருக்கக் கற்றுக்கொள்ளச் சந்தையைப் போல நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அதற்குக் கட்டணம் இல்லை, வீட்டோடு போகலாம், வரும்போது பை நிறைந்திருக்கும்.

மாம்பழத்துக்குப் பொறுங்கள்

மாமரம் மார்கழி, தை மாதங்களில் பூக்கும். பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகி, காய் முற்ற மூன்று நான்கு மாதம் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பங்குனித் தொடக்கத்தில் தள்ளுவண்டியில் தகதகவென்று மஞ்சளாக மின்னும் பழம் எப்படிப் பழுத்திருக்கும் என்ற கேள்வி வரும். முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கிடங்குகளில் அப்படிப்பட்ட பழங்களைப் பிடித்து அழிக்கும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அவசரப்பட்டு வாங்குபவர்கள் இருக்கும்வரை அவசரப்பட்டுப் பழுக்கவைப்பவர்களும் இருப்பார்கள்.

நல்ல பழத்தைக் கண் பாதி சொல்லும், மூக்கு மீதி சொல்லும். காம்புப் பக்கத்துத் தோள் இரண்டும் புடைத்து நிறைந்திருந்தால் அது மரத்தில் முற்றிய காய். காம்பருகே மூக்கை வைத்தால் வாசனை வரவேண்டும். நிறம் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் வாசனையே வராவிட்டால் அதைத் தொடாதீர்கள். பிள்ளைகளை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் உங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

மாம்பழத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. செந்தூரம் முன்னால் வரும். அதையடுத்து பங்கனப்பள்ளி வரும். இமாம்பசந்தும் மல்கோவாவும் நத்தம் பக்கத்துக் கல்லாமையும் காசாலட்டும் அவரவர் நாளில் வந்து சேரும். எல்லோரும் போனபிறகு நிதானமாக நீலம் வரும். கடைசியில் வந்தது என்பதற்காக நீலத்தின் இனிப்பை யாரும் குறைத்துச் சொன்னதில்லை. கூடப் படித்தவன் முன்னேறிவிட்டான், நான் பின்தங்கிவிட்டேன் என்று வருந்தும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் நாள் வரும், அதுவரை மரத்தில் இருந்து முற்றுங்கள்.

மாம்பழம் வரும்வரை வாய் சும்மாவா இருக்கும்? அதற்குத்தான் பங்குனி மாவடுவைத் தருகிறது. வெள்ளரிப்பிஞ்சைத் தருகிறது. காத்திருக்கும் காலத்துக்கும் இயற்கை ஒரு சுவை வைத்திருக்கிறது.

விலைப்பலகையைப் படியுங்கள்

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் விலைப்பலகை முன் நில்லுங்கள். பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போகும் முருங்கைக்காய், கோடையில் மரம் வளையக் காய்க்கும்போது அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வரத்து மிகுந்த நாட்களில் அதே தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். விலை ஏறும்போது நமக்கு வலிக்கிறது. இறங்கும்போது யாருக்கு வலிக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பொருளாதாரத்தில் முதல் பாடம் அதுதான்.

எது மலிந்திருக்கிறதோ அதுதான் அந்தப் பருவத்தின் காய். அதை வாங்கினால் பணமும் மிஞ்சும், ருசியும் கூடும், உடம்புக்கும் ஏற்கும். வெள்ளரியிலும் தர்பூசணியிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயில் கொளுத்தும் மாதத்தில் தண்ணீர்க் காய்களையே மண் தருகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

இந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1999 நவம்பர் 14 அன்று, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி காலத்தில், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இந்த மதுரையில்தான் திறக்கப்பட்டது. பஞ்சாபில் 'அப்னி மண்டி', ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' என்று முன்பே நடந்த முயற்சிகளின் வழியில் வந்தது அது. இன்று மாநிலமெங்கும் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. விளைவிப்பவர் என்று சரிபார்த்துப் புகைப்படத்துடன் அடையாள அட்டை தருகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தரகு கிடையாது, தராசும் சந்தையிலேயே தருவார்கள். மொத்தச் சந்தை விலையை விடியற்காலையில் விசாரித்து, உழவருக்கு மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வாங்குபவருக்கு வெளிக்கடை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்கும்படி அன்றன்றைய விலையை எழுதிப்போடுகிறார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் நல்லது செய்யும் ஏற்பாடு உலகத்தில் அபூர்வம். அப்படி ஒன்று நம் ஊரில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது சரியில்லை.

பேரம் பேசும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் எழுதிய விலைக்கு மேல் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். எழுதிய விலைக்குக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுங்கள். இரவெல்லாம் விழித்துக் கட்டுக் கட்டி, முதல் பேருந்தைப் பிடித்து வந்தவரிடம் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கி யாரும் பணக்காரர் ஆனதில்லை. நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வளர்ந்து தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் அப்படியேதான் பேசும்.

விளைவித்தவரிடம் கேளுங்கள்

ஒருநாள் என் பேத்தி தண்டுக்கீரைக் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டை ஓட்டையா இருக்கே பாட்டி" என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். கட்டை வாங்கி, ஓட்டை விழுந்த இலையைத் தனியே பிரித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பூச்சி தின்னுருக்கு தாயி. மருந்து தெளிச்சா இது வராது. பூச்சி தின்னு அதுக்கு ஒண்ணும் ஆகலேன்னா, நீ தின்னா ஒனக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அன்றிலிருந்து என் பேத்தி ஓட்டை உள்ள கீரையாகத் தேடி எடுக்கிறாள். எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் வருவது வீண். எந்த ஊர், கிணற்றுப் பாசனமா, இந்த வருஷம் மழை எப்படி, அடுத்த வாரம் என்ன வரும் என்று கேளுங்கள். "ஐயா", "அம்மா", "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டுக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இப்படி நாலு வாரம் பேசினால் ஐந்தாவது வாரம் அவரே, "இன்னைக்கு வெண்டை வேணாம்மா, முத்திப்போச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்வார். அந்த ஒரு சொல்லை எந்தச் செயலியிலும் வாங்கமுடியாது.

குடும்பத்தோடு ஒரு காலை

பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துப் போனால் ஓரமாக நிறுத்திவைக்காதீர்கள், வேலை கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் நூறு ரூபாய் கொடுத்து, இன்றைய சாம்பாருக்கும் பொரியலுக்கும் நீயே வாங்கு என்று சொல்லுங்கள். அரைக்கிலோவின் விலையை மனக்கணக்காகப் போட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் ஆட்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒடித்துவிட்டு வாங்காமல் போவது தவறு என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். தர்பூசணியின் அடிப்பக்கம் தரையில் படிந்த இடம் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியில் நன்கு முற்றியது என்று காட்டுங்கள். துணிப்பை அவர்கள் தோளிலேயே தொங்கட்டும். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடைக்கு முன்பே நம் வீடுகளில் மஞ்சப்பை இருந்தது.

வெளியே வந்ததும் நுங்கு வெட்டுபவர் முன்னால் நில்லுங்கள். அரிவாள் விழும் வேகத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. மேல்பகுதியை ஒரே சீவாகச் சீவினால் மூன்று கண்களும் ஈரமாகத் தெரியும். கரண்டி வேண்டாம், கட்டைவிரலை விட்டு நெம்பி அங்கேயே உறிஞ்சச் சொல்லுங்கள். சட்டை நனையட்டும். சாப்பிட்டு முடித்த கோந்தைகள் இரண்டைக் கேட்டு வாங்கி, நடுவே ஒரு குச்சியைச் செருகி, கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். காசில்லாத அந்த வண்டிக்கு ஈடான பொம்மை இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை. ஓட்டி முடித்ததும் பனை காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று சொல்லுங்கள். அதை நட்டுவைத்தவர் தனக்காக நடவில்லை. நமக்கு நுங்கு கொடுத்தவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாமும் அப்படி யாருக்காவது ஏதாவது செய்துவிட்டுப் போகவேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் காலை முடியவேண்டாம். ஒரு கிலோ மாவடு வாங்கியிருந்தால் எல்லோரும் சுற்றி உட்காருங்கள். காம்பை ஒட்ட ஒடிக்காமல் கொஞ்சம் விட்டு, கழுவி, ஈரம் போகத் துணியில் துடைப்பது பிள்ளைகள் வேலை. விளக்கெண்ணெய் தடவுவது அப்பா வேலை. கல் உப்பு, கடுகுப் பொடி, மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி அளந்து போடுவது வீட்டில் மூத்தவர் வேலை. ஜாடியில் அடுக்கிவிட்டு, தினமும் ஒருமுறை கிளறச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் காய் தானே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே ஊறி மெல்லச் சுருங்கும். இரண்டு மூன்று வாரம் யாரும் கைவைக்கக்கூடாது. அந்த வாரங்களில் ஜாடியைத் திறந்து திறந்து பார்க்கும் பிள்ளைக்குத்தான் காத்திருப்பது என்றால் என்னவென்று புரியும். பக்குவமாகப் போட்ட வடு வருஷம் முழுக்க இருக்கும். ஐப்பசி மழைநாளில் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும்போது அந்தப் பிள்ளை, "இது நான் போட்டது" என்று நிமிர்ந்து சொல்லும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

பிள்ளைகளே, பெரிய தத்துவம் ஒன்றும் உங்களுக்குச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு காலை போதும். பருவத்தில் விளைந்ததை வாங்குங்கள். விளையாததற்குப் பொறுத்திருங்கள். விளைவித்தவரை மரியாதையாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், எழுதிய விலையைக் கொடுங்கள். தின்று தீர்த்தது போக, நாளைக்கென்று ஒரு ஜாடி எடுத்துவையுங்கள். இவற்றைப் பழகிய பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும், அதைச் சுற்றியிருப்பவர்களும் நன்றாக இருப்பார்கள்.

வெயில் ஏறிவிட்டால் கீரை வாடிவிடும், நல்ல காயும் போய்விடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகளை எழுப்பி, ஆளுக்கொரு பையைக் கையில் கொடுத்து, உங்கள் ஊர் உழவர் சந்தைக்குக் கிளம்புங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். எந்தக் காயை எப்படிப் பார்த்து எடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும், நீங்கள் கேட்டால் சொல்வார்கள்.