மொறிஸ் மைனரும் புள்ளி போடும் மென்பொருளும்

நமதூரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மொறிஸ் மைனர் என்றால் விளக்கம் தேவையில்லை. கல்யாண வீட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். 1948இல் இங்கிலாந்தில் வந்த கார். அங்கே 1970களின் தொடக்கத்திலேயே செய்வதை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. ஓடுகிறது என்றால், சில நாட்களில் தள்ளினால் ஓடுகிறது.

பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை எங்கே என்று கேட்டால் காரைப் பற்றிக் கதை சொல்கிறார்களே என்று நினைப்பீர்கள். ஒரு கிழமையாக வட்ஸ்அப்பில் எங்களுக்கு வந்து குவிவதெல்லாம் ஒரே கேள்விதான்: "டீச்சர்மார் இவ்வளவு நாளா என்ன செய்யிறீங்க?" அதற்குத்தான் இந்தப் பதில்.

இந்தத் தவணை புள்ளிகளைப் போடுவதற்கு எங்களுக்கு ஒரு மென்பொருள் தந்திருக்கிறார்கள். யார் தந்தது என்பதை விடுவோம். எங்களில் பலருக்குப் பென்சனுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன.

மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப் கரண்டில் வேலை செய்வது. சாவியைத் திருப்பினால் பொனட்டுக்குள் டிக் டிக் என்று கேட்கும். கேட்கவில்லையா, பம்பின் பொயின்ட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். டிரைவர் காக்கா இறங்கி ஸ்பனரால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார், கார் வழிக்கு வரும். பழைய மொடல்களில் சிக்னல் லைட் கிடையாது. கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். அது வராவிட்டால் உள்ளேயிருந்து முழங்கையால் ஓர் இடி. ரேடியேட்டர் கொதித்தால் ஒலுவிலிலோ நிந்தவூரிலோ நிழல் பார்த்து நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு வாளித் தண்ணீர். தனக்கு என்ன நோய் என்பதை அந்தக் கார் தன் வாயாலேயே சொல்லிவிடும்.

எங்கள் மென்பொருளோ "ஏதோ பிழை நேர்ந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும், அதையும் ஆங்கிலத்தில். நாற்பது பிள்ளைகள், ஒன்பது பாடங்கள், 360 புள்ளிகள். அத்தனையையும் அடித்து முடித்துச் சேமிக்கும் இடத்தை அழுத்தினால் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கும். இன்டர்வெல் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போய்த் திரும்பி வந்த பின்னும் அது சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியில், நீங்கள் நெடுநேரமாக ஒன்றும் செய்யாமல் இருந்தீர்கள், திரும்ப உள்ளே வாருங்கள் என்று ஓர் அறிவித்தல். 360 தடவை அடித்த விரலைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? திரும்ப உள்ளே போனால் ஒரு புள்ளியும் இல்லை. அக்கரைப்பற்றில் ஏற்றிய ஆட்களைக் கல்முனைச் சந்தியில் இறக்கி, "நீங்க இன்னும் ஏறவே இல்ல, அக்கரைப்பற்றுக்குப் போய் ஏறி வாங்க" என்று எந்த மொறிஸ் மைனரும் சொன்னதில்லை.

பெயர்கள் பட்ட பாடு தனிக்கதை. நாங்கள் பல வருஷமாக வகுப்புப் பட்டியலைப் பாமினியில் அடித்து வைத்திருந்தோம். மென்பொருளுக்கு யுனிகோட்தான் வேண்டுமாம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். தமிழுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் பாத்திமாவும் றிஸ்வானும் என்ன ஆகியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கணினி அறையில் இருப்பவை விண்டோஸ் 10 போட்ட பழைய இயந்திரங்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11 போடலாமே என்றால், அது கேட்கிற பாதுகாப்புச் சிப் இவற்றில் இல்லை. கீபோர்ட் நல்லது, திரை நல்லது, மின்விசிறியும் சுற்றுகிறது. ஆனாலும் காலம் முடிந்துவிட்டதாம். மொறிஸ் மைனரைச் செய்தவர்களே அதைக் கைவிட்ட பிறகு, அதன் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்திருக்கிறோம். கராஜ் பாஸிடம் இரும்பும் வெல்டிங்கும் இருந்தால் போதும், ஒரு காருக்கு ஆயுளைக் கூட்டலாம். மென்பொருளின் பொனட்டை எந்தப் பாஸால் திறக்க முடியும்?

மொறிஸ் மைனரும் லேசுப்பட்டது அல்ல. மழை இரவில் நோயாளியோடு நடு வீதியில் நின்ற கதைகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. ஆனால் கார் நின்றால் பின் சீட்டில் இருந்தவரை யாரும் குறை சொல்வதில்லை. கூடிப்போனால் இறங்கித் தள்ளச் சொல்வார்கள். மென்பொருள் நின்றால் மட்டும், "டீச்சருக்குக் கொம்பியூட்டர் விளங்காது" என்று முடித்துவிடுகிறார்கள். எங்களோடு ஒரு மூத்த ஆசிரியை இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் புள்ளிப் புத்தகம் எழுதியவர், ஒரு கூட்டல் பிழை கண்டதில்லை. அவர் அன்று நான்காவது தடவையாகப் புள்ளிகளை அடித்துவிட்டு, "எனக்கு மூளை மங்கிட்டு போல" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வேறு ஊருக்குக் குடிபோகும் ஒரு தாய், மகளைப் புதுப் பாடசாலையில் சேர்க்கத் தேர்ச்சி அறிக்கை கேட்டு மூன்று நாள் வந்து போனார். மூன்று நாளும் அவருக்குக் கூலி இல்லை. வட்டம் சுற்றுகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான்காம் நாள் பழைய அச்சடித்த அட்டையை எடுத்து, நீலப் பேனையால் எழுதி, அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வைத்துக் கொடுத்தோம். பத்து நிமிட வேலை. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படியே எழுதி முடித்துவிட்டோம். மென்பொருளில் போடும் வேலை தனியாக நடக்கும். வியாழக்கிழமை காலை 8 மணியிலிருந்து வகுப்பாசிரியரிடம் வந்து அறிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள். உம்மா, வாப்பா யாராவது ஒருவர் கட்டாயம் வாருங்கள், கையொப்பம் வேண்டும். ஆறாம் வகுப்பு பி பிரிவின் அட்டைகளில் எழுத்து கொஞ்சம் கோழிக் கிறுக்கல்தான், விளங்காவிட்டால் அந்த சேரிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.